டூல்பார் பட்டன்களை எங்கே மாற்றுவது? ஓஹிஃப் வியூவரில் இருக்கும் வழிகள்

"இந்த வரிசையில நான் தொடுறது நாலே நாலு. மத்ததெல்லாம் யாருக்குங்க?"

ஒரு ரேடியாலஜிஸ்ட் என்னிடம் கேட்டது. அவர் திரையில் மருத்துவப் படங்களைப் பார்க்கும் ஓஹிஃப் வியூவர், நிறுவியபடியே, ஒரு பட்டன்கூட மாற்றாமல் திறந்திருந்தது. அதே வாரம் பக்கத்து அறை மருத்துவர் கேட்டது நேர் எதிர்: "காப் ஆங்கிளை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? ஒவ்வொரு தடவையும் தேடுறேன்." முதலாமவர் நாள் முழுக்க சி.டி. பார்ப்பவர். இரண்டாமவர் முதுகெலும்பு எக்ஸ்ரேக்களில் வளைவை அளந்துகொண்டிருப்பவர், அந்த வளைவின் கோணம்தான் காப் ஆங்கிள். இருவர் குறையும் நியாயம்தான். ஆனால் இருவருக்கும் இருப்பது ஒரே வியூவர், ஒரே டூல்பார்.

பட்டனைச் சேர்ப்பதும் எடுப்பதும் அரை மணி நேர வேலை. அதை எந்த இடத்தில் கை வைத்துச் செய்கிறோம் என்பதுதான் பின்னால் வாரக்கணக்கில் நேரத்தைத் தின்னும். கான்ஃபிக் ஃபைலில் செய்யலாம், மூலக் கோடில் நேராகத் திருத்தலாம், சொந்தமாக ஒரு மோடு (ஒரு வேலைக்கான திரை, பட்டன், கருவி அமைப்பு) எழுதலாம், பட்டன்களே சூழலைப் பார்த்து மாறும்படி விடலாம். எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன். ஒன்றிரண்டில் போய் முட்டிக்கொண்டும் வந்தேன்.

ஓஹிஃப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2015-ல் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டலில் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் திட்டம் இது. டைகாம் என்ற மருத்துவப் படத் தரத்தில் இருக்கும் படங்களைப் பிரவுசரிலேயே திறக்கும். படம் வரைவதும் அளவுக் கருவிகளும் கார்னர்ஸ்டோன் 3டி என்ற லைப்ரரியின் வேலை. மேலே இருக்கும் திரை, பட்டன், பேனல் எல்லாம் ரியாக்ட். எம்.ஐ.டி. உரிமம் என்பதால் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். எடுத்தவர்கள் முதலில் லோகோவை மாற்றுவார்கள், அடுத்து டூல்பாரில் கை வைப்பார்கள்.

ஒரு பட்டன் மூன்று இடத்தில் வாழ்கிறது

வழிகளை ஒப்பிடும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மூன்றாம் பதிப்பு ஓஹிஃபில் ஒரு பட்டன் என்பது மூன்று தனித்தனிச் சங்கதி.

முதலாவது, வரையறை. ஐடி, ஐகான், பெயர், அழுத்தினால் ஓட வேண்டிய கமாண்ட், எப்போது மங்கலாக வேண்டும் என்ற விதி ஆகியவை சேர்ந்த ஒரு ஆப்ஜெக்ட். இரண்டாவது, வரிசை. 'பிரைமரி' என்ற பகுதியில் எந்த ஐடி முதலில், எது அடுத்து என்ற பட்டியல். மூன்றாவது, டூல் குரூப். அளவுகோலோ கோணமோ உண்மையில் படத்தின் மேல் வேலை செய்ய, அந்தக் கருவி கார்னர்ஸ்டோனின் டூல் குரூப்பில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மவுஸின் எந்தப் பட்டனுக்கு எந்தக் கருவி என்பதும் அங்கேதான் எழுதப்படுகிறது.

முதல் இரண்டில் ஒன்று விட்டுப்போனால் பட்டன் கண்ணிலேயே படாது, உடனே கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவதை விட்டால்தான் தலைவலி. நான் முதன்முதலில் சொந்த மோடு எழுதியபோது டூல் குரூப்பைச் சுருக்கமாக வைத்துக்கொள்வோமே என்று ஏழெட்டுக் கருவிகளோடு நிறுத்தினேன். டூல்பாரில் காப் ஆங்கிள் வந்துவிட்டது. ஐகான் சரி, பெயர் சரி. ஆனால் மங்கலாகவே நின்றது. வரையறை இருந்த ஃபைலை இரண்டு மணி நேரம் புரட்டினேன், கமாண்ட் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், கேஷைத் துடைத்தேன். பிழை அந்த ஃபைலிலேயே இல்லை. டூல் குரூப்பைத் தொடங்கிவைக்கும் ஃபைலில் அந்தக் கருவியின் பெயர் ஒரு வரியாக இல்லை, அவ்வளவுதான். கருவி குரூப்பில் இல்லையென்றால் பட்டனை முடக்கிவிடு என்று விதி சொல்கிறது. விதி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இரண்டாம் பதிப்பில் பட்டன்களை எக்ஸ்டென்ஷன்களே கொண்டுவந்தன. மூன்றில் அந்தப் பொறுப்பு மோடுக்கு மாறியது. எக்ஸ்டென்ஷன் திறனைக் கொடுக்கும், அதில் எதை எந்த வரிசையில் காட்டுவது என்பதை மோடு முடிவு செய்யும். இணையத்தில் தேடினால் கிடைக்கும் பழைய விடைகள் பாதி இரண்டாம் பதிப்புக்கானவை. அவற்றை மூன்றில் ஒட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பட்டனுக்கு முன்னால் மவுஸைப் பாருங்கள்

பட்டன் பட்டியலோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மவுஸில் இப்போது என்னென்ன இருக்கிறது என்று தெரியுமா? வழக்கமான அமைப்பில் இடது பட்டன் விண்டோ லெவல் (படத்தின் ஒளிர்வும் கான்ட்ராஸ்டும்), நடுப் பட்டன் படத்தை நகர்த்த, வலது பட்டன் பெரிதாக்க, சக்கரம் ஸ்லைஸ்களில் ஏறி இறங்க. ஆக, மூன்று பட்டன் மவுஸ் வைத்திருப்பவருக்கு ஜூம், பேன் ஐகான்கள் டூல்பாரில் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. டச்பேடில் வேலை செய்பவருக்கோ அவை உயிர்நாடி. எது யாருக்கு என்பதை மருத்துவர் உட்காரும் மேஜையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். மீட்டிங் அறையில் உட்கார்ந்து தீர்மானிக்கிற விஷயம் இல்லை இது.

1954-ல் பால் ஃபிட்ஸ் கண்ட விதி இங்கே அப்படியே பொருந்தும். குறி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கை அங்கே போய்ச் சேர நேரமாகும். பெரிய மானிட்டரில் அளக்க வேண்டிய கட்டி படத்தின் கீழ்க் கோடியில், டூல்பார் திரையின் உச்சியில். ஒவ்வொரு அளவுக்கும் மேலே போய்த் திரும்பிவர வேண்டும். அதனால் ஒருவர் நாளைக்கு நூறு முறை செய்யும் வேலைக்குச் சரியான இடம் டூல்பாரே இல்லை, மவுஸோ கீபோர்டோதான். டூல்பார் நாளைக்குப் பத்து முறை தேவைப்படுவதற்கு. மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படுவது, பல கருவிகளை அடுக்கிய குழுப் பட்டனுக்குள் போய் உட்காரட்டும்.

இந்த வடிகட்டலை முடித்துவிட்டால் கேட்டவரின் பட்டியல் பாதியாகிவிடும். மிச்சத்துக்குத்தான் வழி தேட வேண்டும்.

கான்ஃபிக் ஃபைலோடு நிறுத்திக்கொள்வது

கோடைத் தொடாமல், பில்ட் செய்யாமல், ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கான்ஃபிக் ஃபைலை மட்டும் மாற்றுவது இது. டைகாம் படங்களைச் சேமித்துத் தரும் ஆர்தாங்க் சர்வரின் ஓஹிஃப் பிளகினைப் பயன்படுத்துபவர்களுக்கு நடைமுறையில் இருப்பதும் இந்த வழிதான். வியூவர் ஏற்கெனவே பில்ட் ஆகி பிளகினுக்குள் அடங்கி வருகிறது. உங்கள் கான்ஃபிக் ஃபைல் எங்கே இருக்கிறது என்று காட்டலாம், அதற்கு மேல் உள்ளே கை நுழையாது.

இதைக் குறைவாக எடைபோட வேண்டாம். 3.10 பதிப்பில் கஸ்டமைசேஷன் சர்வீஸைத் திருத்தி எழுதியபின், கான்ஃபிக் ஃபைலிலிருந்தே ஒரு பட்டியலில் சேர்க்கலாம், ஒரு மதிப்பை மாற்றலாம், ஒன்றை முழுதாக மாற்றி வைக்கலாம். விண்டோ லெவல் ப்ரீசெட் (முன்பே குறித்துவைத்த மதிப்புகள்), படத்தின் மூலைகளில் வரும் எழுத்து, ஷார்ட்கட் விசை எல்லாம் இதற்குள் அடங்கும்.

பட்டன் வேண்டும் என்று கேட்பவர்களில் கணிசமானோர் உண்மையில் கேட்பது ப்ரீசெட்டைத்தான். சி.டி.க்கு ஓஹிஃபில் ஐந்து ப்ரீசெட்கள் வருகின்றன: மென்திசுவுக்கு அகலம் 400, நடு 40. நுரையீரலுக்கு 1500, −600. கல்லீரலுக்கு 150, 90. எலும்புக்கு 2500, 480. மூளைக்கு 80, 40. பக்கவாத நோயாளிகளைப் பார்ப்பவர்கள் இதைவிடக் குறுகலாக, அகலம் 40 நடு 40 என்று கேட்பார்கள். என்னிடம் ஒருவர் அதற்குத் தனி ஐகான் வரைந்தே அனுப்பியிருந்தார். ப்ரீசெட் பட்டியலில் ஒரு வரி சேர்த்து, அதற்கு ஒரு எண் விசையையும் கொடுத்தேன். ஐகான் இன்னும் என் மெயிலில் இருக்கிறது.

இந்த வழியின் எல்லை வரிசை. டூல்பாரில் எது முதலில், எது குழுவுக்குள் என்பதை முழுச் சுதந்திரத்தோடு மாற்றக் கான்ஃபிக் ஃபைல் போதாது. மோடின் பெயர், ரூட் போன்றவற்றை அங்கிருந்து மேலெழுதலாம். இந்தப் பகுதி பதிப்புக்குப் பதிப்பு விரிந்துகொண்டே வருவதால், உங்கள் பதிப்பின் ஆவணத்தில் மோடு கான்ஃபிகரேஷன் பக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் கோடுக்குள் இறங்குங்கள்.

ஃபோர்க் எடுத்து நேராகத் திருத்துவது

மூலக் கோடின் சொந்த நகல் ஒன்றை எடுத்து அதிலேயே திருத்துவது. எல்லோரும் முதலில் செய்வது இதுதான், நானும் செய்தேன். ஓஹிஃபோடு வரும் லாங்கிட்யூடினல் மோடின் ஃபோல்டரைத் திறந்தால் டூல்பார் பட்டன்களுக்கென்றே ஒரு ஃபைல். வேண்டாததை நீக்கு, வேண்டியதை மேலே ஏற்று, பில்ட் செய். மதியத்துக்குள் முடிந்தது. அன்று சாயங்காலம் எனக்கு நல்ல பெயர்.

கணக்குத் தீர்க்கும் நாள் 3.7-லிருந்து 3.8-க்குப் போனபோது வந்தது. அதுவரை ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வகை உண்டு: டூல், டாகிள், ஆக்‌ஷன். பட்டன் ஒளிர வேண்டுமா, மங்க வேண்டுமா என்பதை டூல்பார் சர்வீஸ் தானே கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. 3.8-ல் அந்த வகைகளை எடுத்துவிட்டார்கள். அவற்றின் இடத்தில் எவாலுவேட்டர்கள் வந்தன. ஒவ்வொரு பட்டனும் "இப்போது நான் எப்படி இருக்க வேண்டும்" என்பதை வியூபோர்ட்டின் (படம் தெரியும் கட்டத்தின்) உண்மை நிலையைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். நல்ல மாற்றம், பழைய முறையில் பட்டன் ஒன்றைச் சொல்லும், படம் இன்னொன்றைச் செய்யும். ஆனால் நான் கைவைத்திருந்த ஃபைலின் ஒவ்வொரு வரியும் புதுப் பதிப்போடு இணைக்கும் மெர்ஜில் மோதியது. நான் நீக்கிய பட்டன் எது, அவர்கள் நீக்கியது எது என்று பிரிப்பதற்கே ஒரு நாள் போயிற்று. அதோடும் நிற்கவில்லை. பட்டன்களைச் சேர்க்கும் ஃபங்க்‌ஷனின் பெயரும் வரிசையை உருவாக்கும் ஃபங்க்‌ஷனின் பெயரும் பின்வந்த பதிப்புகளில் மாறின. 'ஆட் பட்டன்ஸ்' என்றிருந்தது 'ரெஜிஸ்டர்' ஆனது, 'கிரியேட் பட்டன் செக்‌ஷன்' 'அப்டேட் செக்‌ஷன்' ஆனது.

ஆகவே ஃபோர்க்கே கூடாதா? அப்படியும் இல்லை. ஒரு ஆய்வுக்காக மூன்று மாதம் ஓடவேண்டிய வியூவர், ஒரு முறை காட்டிவிட்டு மூடும் டெமோ, இவற்றுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. அடுத்த பதிப்புக்குப் போக மாட்டோம் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தால் ஃபோர்க் எடுங்கள். மருத்துவமனையில் ஓடும் வியூவருக்கு அந்தச் சத்தியத்தை யாரும் செய்யக் கூடாது. பிரவுசர் மாறும், பாதுகாப்புத் திருத்தம் வரும்.

சொந்த மோடு

நான் இப்போது எங்கும் இதைத்தான் செய்கிறேன். ஓஹிஃபின் கட்டளை வரிக் கருவியில் புது மோடு உருவாக்கக் கட்டளை இருக்கிறது. வெற்று மோடு ஒன்று தனிப் பேக்கேஜாகக் கையில் கிடைக்கும். அதை லிங்க் செய்தால் பிளகின் கான்ஃபிக் ஃபைலில் பதிவாகி, ஸ்டடி (ஒரு நோயாளியின் ஒரு பரிசோதனைக்கான படத் தொகுப்பு) பட்டியலில் ஒவ்வொரு ஸ்டடிக்குக் கீழும் உங்கள் மோடின் பெயரில் ஒரு பட்டன் வரும். மூலக் கோடில் ஒரு வரியும் மாறவில்லை. அடுத்த பதிப்பு வந்தால் மூலத்தை இழுத்துக்கொண்டு, உங்கள் பேக்கேஜை மட்டும் சரிபார்த்தால் போதும்.

இதற்குள்ளும் ஒரு பிரிவுண்டு: பட்டன் வரையறைகளை லாங்கிட்யூடினல் மோடிலிருந்து இம்போர்ட் செய்வதா, காப்பி எடுத்து வைத்துக்கொள்வதா? காப்பி எடுத்தால் உங்கள் பட்டன் நீங்கள் தொடும்வரை மாறாது. ஆனால் மூலத்தில் எவாலுவேட்டர் பெயர் மாறும் நாளில் உங்களுடையது பழையதோடே நின்றுவிடும். இம்போர்ட் செய்தால் வரையறை மூலத்தோடு சேர்ந்து நகரும், வரிசை மட்டும் உங்களுடையது. ஆபத்து வேறிடத்தில்: மூலத்தில் ஒரு ஐடியை மாற்றிவிட்டால் உங்கள் வரிசையிலிருந்து அந்தப் பட்டன் சத்தமில்லாமல் காணாமல் போகும். எர்ரர் இல்லை, வெற்றிடம்கூட இல்லை.

நான் இம்போர்ட் பக்கம். கூடவே ஒரு சின்ன டெஸ்ட்: என் வரிசையில் இருக்கும் ஒவ்வொரு ஐடிக்கும் வரையறை இருக்கிறதா, அந்த வரையறை அழைக்கும் கருவி என் டூல் குரூப்பில் இருக்கிறதா. இருபது வரிக்குள் முடிந்துவிடும். மேலே சொன்ன காப் ஆங்கிள் கூத்தை இந்த டெஸ்ட் மூன்று விநாடியில் பிடித்திருக்கும்.

சொந்த மோடின் விலை, உங்களிடம் ஒரு பில்ட் ஏற்பாடு இருந்தாக வேண்டும் என்பது. நோட், யார்ன், டிப்ளாய் செய்ய ஓர் ஆள். இது எதுவும் இல்லாத இடத்தில், ஒரே ஒருவர் சர்வரையும் பார்த்துக்கொண்டு நெட்வொர்க்கையும் பார்த்துக்கொண்டு இருந்தால், கான்ஃபிக் ஃபைலோடு நிறுத்திக்கொள்வதே அவருக்கு நல்லது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

மோடாலிட்டிக்கு ஒரு மோடா, எல்லாவற்றுக்கும் ஒன்றா?

சொந்த மோடு என்று முடிவானதும் அடுத்த ஆசை உடனே வரும்: மோடாலிட்டிக்கு, அதாவது படம் எடுக்கும் முறைக்கு, ஒரு மோடு. சி.டி.க்கு ஒன்று, எம்.ஆர்.ஐ.க்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று, அல்ட்ராசவுண்டுக்கு ஒன்று. எக்ஸ்ரேக்காரருக்குக் காப் ஆங்கிள் முன்னால், சி.டி.காரருக்கு ஒரே புள்ளியை மூன்று தளங்களிலும் காட்டும் கிராஸ்ஹேர் முன்னால். தாளில் பார்த்தால் அழகு. ஒரு மருத்துவமனைக்கு இப்படியே செய்து கொடுத்து, ஆறு வாரத்தில் பிரித்துப் போட்டேன்.

சின்னச் சிக்கலை முதலில் சொல்கிறேன். ஒரு ஸ்டடிக்கு இந்த மோடு பொருந்துமா என்று கேட்கும் ஃபங்க்‌ஷனுக்கு மோடாலிட்டிகள் ஒரே சரமாக, நடுவில் பின்சாய்வுக் கோட்டோடு வருகின்றன. வெறும் சி.டி. ஸ்டடி என்றால் 'சி.டி.' மட்டும். யாராவது அதில் செக்மென்டேஷன் (உறுப்பையோ கட்டியையோ தனியாகப் பிரித்து வரைந்தது) சேமித்திருந்தால் இரண்டும் ஒட்டிவரும். 'சி.டி.க்குச் சமமா' என்று எழுதியிருந்தேன். செக்மென்டேஷன் இருந்த ஸ்டடிகளுக்கெல்லாம் என் சி.டி. மோடு பட்டன் மங்கிக் கிடந்தது. சரத்தைப் பிரித்து 'உள்ளே இருக்கிறதா' என்று கேட்டிருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் இன்னொரு வம்பு: ஒரே மாதிரி மார்புப் படம் ஒரு மெஷினிலிருந்து சி.ஆர். என்றும் இன்னொன்றிலிருந்து டி.எக்ஸ். என்றும் வரும், இரண்டும் எக்ஸ்ரேக்கான மோடாலிட்டிக் குறிகள்தான்.

இதெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். திருத்த முடியாதது வேறு. ரேடியாலஜிஸ்ட் ஒரு படத்தைத் தனியாகப் பார்ப்பது குறைவு. இன்றைய சி.டி.க்குப் பக்கத்தில் போன மாத மார்பு எக்ஸ்ரேயை இழுத்துப் போட்டுக்கொள்வார். மோடு என்பது முழுத் திரைக்கும் ஒன்று. அவர் சி.டி. மோடில் நுழைந்துவிட்டால் எக்ஸ்ரே இருக்கும் வியூபோர்ட்டுக்கும் சி.டி. டூல்பார்தான். "எக்ஸ்ரேயில கோணம் அளக்கணும், பட்டனைக் காணோம், வெளிய போய் வேற மோடுல திரும்ப வரணுமா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

எவாலுவேட்டர்கள் ஜெயிப்பது இங்கேதான். அவை முழுத் திரையையும் பார்ப்பதில்லை, இப்போது எந்த வியூபோர்ட் செயலில் இருக்கிறது என்று பார்க்கின்றன. மருத்துவர் எக்ஸ்ரேயைக் கிளிக் செய்ததும் டூல்பார் முழுவதும் மறு கணக்குப் போடும். கிராஸ்ஹேர் மங்கும், ஏனென்றால் அதற்கு மூன்று தளங்களில் வெட்டிய வால்யூம் வேண்டும். சி.டி.யைக் கிளிக் செய்து எம்.பி.ஆர். (அந்த மூன்று தளக் காட்சி) போட்டால் மறுபடி உயிர்பெறும். குறிப்பிட்ட மோடாலிட்டிக்கு மட்டும் என்ற விதியும் இருக்கிறது. அல்ட்ராசவுண்டின் திசை அளவுக் கருவி அப்படித்தான், அல்ட்ராசவுண்ட் இல்லாத வியூபோர்ட்டில் தானாக முடங்கிக் கிடக்கும். விதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்: கருவி குரூப்பில் இருக்க வேண்டும், மோடாலிட்டியும் பொருந்த வேண்டும் என்று.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மோடில் திணிப்பதையும் நான் சொல்லவில்லை. வேலையின் ஓட்டமே வேறாக இருக்கும் இடத்தில் தனி மோடு வேண்டும். பி.இ.டி.-சி.டி.யில் கட்டியின் மொத்தப் பருமனைக் கணக்கிடுவது, செக்மென்டேஷன் வரைவது, மைக்ரோஸ்கோப் ஸ்லைடு பார்ப்பது, இவற்றுக்கு ஓஹிஃபே தனித்தனி மோடு வைத்திருப்பது அதனால்தான். மோடாலிட்டியை வைத்துப் பிரிக்காதீர்கள், வேலையை வைத்துப் பிரியுங்கள்.

மங்கலாக்குவதா, மறைப்பதா?

எவாலுவேட்டர் வழியில் போனால் இந்தக் கேள்வி கூடவே வரும். பயன்படாத பட்டனை அடியோடு மறைத்துவிட்டால் டூல்பார் சுத்தமாக இருக்கும். நிர்வாகத்துக்குக் காட்டும்போது எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு பட்டன் மறைந்தால் அதற்கு வலப்புறம் உள்ளவை எல்லாம் ஒரு இடம் தள்ளி வரும். கிளிக்குக் கிளிக் வரிசை நகர்கிற டூல்பாரில் கை எதையும் மனப்பாடம் செய்ய முடியாது. மருத்துவரின் கண் படத்தில் இருக்கும், கை பழக்கத்தில் போகும். லென்த் இருந்த இடத்தில் வேறொன்று நின்றால் முதல் நாள் சிரிப்பார், இரண்டாம் நாள் போன் செய்வார்.

நான் மங்கலாக்கும் கட்சி. மங்கிய பட்டன்மேல் மவுஸை வைத்தால் ஏன் முடங்கியிருக்கிறது என்று ஒரு வரி காட்ட இடமிருக்கிறது, அதை வெறுமையாக விடாமல் எழுதுங்கள். 'இந்த வியூபோர்ட்டில் கிடைக்காது' என்பதைவிட 'எம்.பி.ஆர். போட்டால் கிடைக்கும்' என்பது அடுத்த அடியைச் சொல்லிவிடுகிறது.

குழுப் பட்டனிலும் இதே இடப் பிரச்சினை உண்டு. அளவுக் கருவிகளை ஒரே பட்டனுக்குக் கீழ் அடுக்கும் முறையில், கடைசியாக எடுத்த கருவி முகப்பில் வந்து நிற்கும். ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுப்பவருக்கு இது வசதி. லென்த்தையும் இருதிசை அளவையும் மாற்றி மாற்றி எடுப்பவருக்கோ முகப்பு எப்போதும் மற்றதாகவே இருக்கும். அவருக்கு இரண்டையும் குழுவிலிருந்து வெளியே எடுத்துத் தனித்தனியாக வையுங்கள்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைக்கச் சொல்வேன்: எக்ஸ்ரேயில் லென்த்துக்கு அடுத்து கேலிபிரேஷன். சி.டி.யில் பிக்சல் இடைவெளி உடலின் உண்மையான அளவு. எக்ஸ்ரேயில் பல நேரம் டிடெக்டரின் மேல் விழுந்த நிழலின் அளவுதான் கிடைக்கும், உடல் டிடெக்டரிலிருந்து விலகியிருக்க இருக்க நிழல் பெரிதாகும். திரையில் மில்லிமீட்டர் என்றே வந்தாலும் அது உருப்பெருகிய மில்லிமீட்டர். அளவு தெரிந்த ஒரு பொருள் படத்தில் இருந்தால் அதன்மேல் கோடு போட்டுச் சரிசெய்யலாம். அந்தக் கருவி 'மற்றவை' குழுவின் அடியில் கிடந்தால் யாரும் போக மாட்டார்கள்.

ஒவ்வொருவருக்கும் அவரவர் டூல்பார்?

கேட்பார்கள். ஓஹிஃபில் பட்டன்களை இழுத்து இடம் மாற்றிச் சேமிக்கும் வசதி தயாராக இல்லை, நீங்களே கட்ட வேண்டும். ஷார்ட்கட் விசைகளை மாற்றும் வசதி மட்டும் உண்டு. அது பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் சேமிக்கப்படுவதால் அந்த மருத்துவர் அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனால் கூட வராது. ஒரே லாகினைப் பகிரும் ரீடிங் ரூமில் ஒருவர் மாற்றியது அடுத்த ஷிஃப்ட்காரரின் தலையில் விடியும். சரியாகச் செய்ய யூசர் அக்கவுன்ட்டோடு சேர்த்து சர்வரில் சேமிக்க வேண்டும்.

அதையும் செய்துவிடலாம்தான். ஆனால் ஓஹிஃபுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதியோ ஐரோப்பாவின் சி.இ. குறியோ கிடையாது என்று திட்டத்தின் ஆவணமே சொல்கிறது. நோயறிதலுக்கான பொருளாக அதை விற்பவர் அந்த அனுமதியைத் தானே வாங்க வேண்டும், தன் அமைப்பு எல்லாம் வேலை செய்கிறது என்று தானே காட்ட வேண்டும். இருவகை டூல்பாரைச் சோதிப்பது வேறு. ஆளுக்கொரு டூல்பாரைச் சோதித்தேன் என்று கையெழுத்துப் போடுவது வேறு.

கடைசியில் அந்த இருவருக்கும்

சி.டி.காரர், எக்ஸ்ரேகாரர் இருவருக்கும் ஒரே சொந்த மோடுதான் கொடுத்தேன். வரையறைகள் இம்போர்ட், வரிசை எங்களுடையது. லென்த், இருதிசை அளவு, காப் ஆங்கிள், கேலிபிரேஷன், கிராஸ்ஹேர், லேஅவுட், ரீசெட் ஆகியவை வெளியே. மீதி ஒரு குழுவுக்குள். ஜூமும் பேனும் டூல்பாரில் இல்லை, மவுஸில் இருக்கின்றன. டச்பேடில் பார்க்கும் ஒரே ஒரு இரவு ஷிஃப்ட் மருத்துவருக்காக அவற்றுக்கு ஷார்ட்கட் விசைகளும் உண்டு. கிராஸ்ஹேரும் காப் ஆங்கிளும் தங்கள் இடத்திலேயே இருக்கின்றன, தேவைப்படாத வியூபோர்ட்டில் கிராஸ்ஹேர் மங்கிக்கொள்கிறது.

கொடுக்கும் முன் ஐந்து ஸ்டடிகளைத் திறந்து ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்த்தேன்: ஒரு சி.டி., செக்மென்டேஷனோடு ஒரு சி.டி., ஒரு டி.எக்ஸ்., ஒரு அல்ட்ராசவுண்ட், கடைசியாகப் பிக்சல் இடைவெளியே இல்லாத ஒரு ஸ்க்ரீன்ஷாட் ஸ்டடி. கடைசியானதில் லென்த் அளந்தால் மில்லிமீட்டருக்குப் பதில் பிக்சல் என்று வர வேண்டும். வந்தது. பிறகுதான் டிப்ளாய் செய்தேன்.